தாயின் காலைக் கட்டும் கைகள்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் சாலையில் இரண்டு மைல் கூட இராது. ஸ்ரீ ரமணாசிரமத்தின் வாசல் வந்துவிடும். உள்ளே நுழைந்தவுடன் பெரிய இலுப்பை மரம். அதன் நிழலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் அருணாசல மலை. கூரைமேல் ஒரு மயில், மதில்மேல் இரண்டு குரங்கு. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு இவை போதாதா?

சென்ற தடவை நான் போனபோது என்னுடன் ஒரு சிநேகிதியும் வந்தாள். கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கணவருக்கு உத்தியோகம் இந்த ஊருக்கு மாற்றலானதில், ஆசிரமத்துக்கு அருகிலேயே வீடு எடுத்துக் குடியிருக்கிறார்கள். மூன்று வயதில் ஒரு பையன். இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை. பையனுக்கு மயில் காட்டத்தான் வந்தாள். வந்த இடத்தில், "உள்ளே எல்லோரும் எவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள், அக்கா! நானும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கிறேனே" என்றாள்.

ஐந்து நிமிஷம் எங்கே? ஒரு நிமிஷம் ஆவதற்குள் பையன் ஜன்னல் வழியே எதையோ பார்த்துவிட்டு, "அம்மா! மயில்!" என்று கூவினான். கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கண்ணைத் திறந்தார்கள். அந்தக் கூச்சலில் கைக்குழந்தையும் அழ ஆரம்பித்தது. இரண்டையும் வாரிக்கொண்டு அவள் வெளியே ஓடி வந்தாள். மரத்தடியில் வந்து உட்கார்ந்ததும், குழந்தையோடு சேர்ந்து அவளும் அழுதுவிட்டாள்.

"கோவிலில் பிரசங்கம் முழுசாகக் கேட்டு மூன்று வருஷம் ஆச்சு, அக்கா. பாட்டு ஆரம்பித்தால் இவனுக்குத் தாகம். ஜெபம் ஆரம்பித்தால் இவளுக்குப் பசி. வாசலில் நின்றபடியே ஆராதனை முடிந்துபோகிறது. ராத்திரி முழங்காலில் நின்றால் அப்படியே தூங்கிவிடுகிறேன். ஆண்டவர் என்னை மறந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். நான்தான் அவரை மறந்துகொண்டு வருகிறேனோ என்று பயமாயிருக்கிறது."

இதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவளுடைய வேதத்தை அவளைவிட அதிகமாகப் படித்தவள் அல்ல நான். ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த இடமே ஒரு பதில் வைத்திருந்தது. அந்த ஆசிரமம் ஏற்பட்டதே ஒரு தாயாரின் சமாதியைச் சுற்றித்தான்!

மகனைத் தேடி வந்த தாய்

அழகம்மாள் திருச்சுழியைச் சேர்ந்தவர். கணவர் சுந்தரமையர் அந்த ஊரில் வக்கீல் தொழில் செய்தவர். 1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்த இரண்டாவது பிள்ளைதான் வேங்கடராமன். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாயிருக்கையில், 1892-ல், தகப்பனார் காலமானார். மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். சின்னக் குழந்தைகள் இரண்டையும் அழைத்துக்கொண்டு தாயார் மானாமதுரைக்குப் போனார். நாலு குழந்தைகளை இரண்டு இரண்டாகப் பிரித்து வைத்த ஒரு விதவைத் தாயின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நாமே ஊகிக்கலாம்.

மதுரையில் வேங்கடராமன் படித்தது ஸ்காட்ஸ் நடுநிலைப் பள்ளியிலும், பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும். 1896 ஆகஸ்டு 29-ஆம் தேதி பதினாறு வயதுப் பையன் வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டான். அண்ணாவின் கல்லூரிச் சம்பளத்துக்காகச் சித்தி கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். தன் தகப்பனாரைத் தேடி, அவருடைய உத்தரவின்படி புறப்பட்டிருப்பதாகவும், யாரும் விசனப்படவேண்டாம் என்றும் சீட்டில் எழுதியிருந்தது.

விசனப்படவேண்டாமாம்! பெற்றவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

ஏறத்தாழ இரண்டு வருஷம் பிள்ளை இருக்குமிடம் தெரியவில்லை. தெரிந்த பிறகு, 1898 டிசம்பரில், மூத்த மகனுடன் அழகம்மாள் திருவண்ணாமலைக்கு வந்தார். பெரிய கோவிலுக்கு அருகில் உள்ள பவழக்குன்றில், சிக்குப் பிடித்த தலையும் அழுக்கேறிய உடம்புமாக உட்கார்ந்திருந்த மௌனியைத் தம் பிள்ளை என்று கண்டுகொண்டார். தினமும் பட்சணம் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார், கெஞ்சினார், அழுதார். பிள்ளை வாய் திறக்கவில்லை. பார்க்கப் பொறுக்காத ஒருவர் காகிதமும் பென்சிலும் கொடுத்து, பதிலையாவது எழுதும்படி வேண்டினார். நடக்க வேண்டியது நடந்தே தீரும், ஆகையால் மௌனமாயிருப்பதே நல்லது என்ற கருத்தில் பிள்ளை எழுதிக் கொடுத்தார். தாயார் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

மூன்று நாள் தேடியவள்

இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது என் சிநேகிதி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்கள் மரியாளும் இப்படித்தானே தேடினாள், அக்கா!" என்றாள்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வருகிற சம்பவம் அது. பஸ்கா பண்டிகைக்கு எருசலேமுக்குப் போன குடும்பம் திரும்பி வருகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை உறவினர் கூட்டத்தில் எங்கேயாவது இருப்பான் என்று ஒரு நாள் தூரம் நடந்துவிடுகிறார்கள். பிறகுதான் பிள்ளையைக் காணவில்லை என்று தெரிகிறது. திரும்ப ஓடித் தேடி, மூன்றாம் நாள் ஆலயத்தில் போதகர்கள் நடுவே கண்டுபிடிக்கிறார்கள். 'ஏனப்பா இப்படிச் செய்தாய்?' என்று தாய் கேட்கிறாள். என் பிதாவின் காரியத்தில் நான் இருக்கவேண்டாமா என்ற பொருளில் பிள்ளை பதில் சொல்கிறான்.

இங்கேயும் தகப்பனார், அங்கேயும் தகப்பனார்! மிஷன் பள்ளியில் படித்த பையன் அந்தக் கதையை நினைத்துக்கொண்டுதான் சீட்டு எழுதினான் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு தாய்மாரின் தவிப்பு ஒரே மாதிரியானது என்றுதான் சொல்கிறேன். மகன் சொன்ன பதில் மரியாளுக்கு விளங்கவில்லை என்பதையும் லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். விளங்காததை அவள் உதறிவிடவில்லை. மனசிலே வைத்துக் காப்பாற்றினாள். கர்த்தருடைய தாய்க்கே எல்லாம் உடனே விளங்கிவிடவில்லை என்றால், தூக்கம் கெட்ட ஒரு சின்னப் பெண்ணுக்கு இன்றைக்கு ஜெபம் ஓடவில்லை என்பது பெரிய பாவமா?

அப்பளமும் வேதாந்தமும்

அழகம்மாளின் கதை பவழக்குன்றோடு முடியவில்லை. மூத்த பிள்ளையும் 1900-ல் இறந்துபோனார். பல வருஷங்களுக்குப் பிறகு, 1914-ல், மகனைப் பார்க்க வந்த இடத்தில் அவருக்குக் கடுமையான ஜுரம் கண்டது. தாயார் அழுதபோது மௌனமாயிருந்த அதே பிள்ளை, தாயார் பிழைக்கவேண்டும் என்று அருணாசலனை வேண்டிப் பாட்டு எழுதினார். 1916-ல் தாயார் மகனிடமே தங்க வந்துவிட்டார். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினார்.

வெங்காயம், முருங்கைக்காய் என்றால் அந்த ஆசாரமான அம்மாளுக்கு ஆகாது. வெங்காயத்திடம் ஜாக்கிரதை, மோட்சத்துக்கே அது இடைஞ்சல் என்று மகன் கேலி செய்வாராம். ஒரு நாள் அப்பளம் இடக் கூடமாட உதவி செய்யச் சொன்னார் தாயார். மகன் அப்பளம் இடவில்லை. 'அப்பளப் பாட்டு' என்று ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார்! உளுந்து, பிரண்டைச் சாறு, சீரகம், மிளகு, உப்பு எல்லாவற்றையும் வைத்தே வேதாந்தம் முழுவதையும் சொல்லிவிட்டார். (உதவி கேட்டால் பாட்டு எழுதிக் கொடுக்கும் பிள்ளையிடம் நம்மில் யாராக இருந்தாலும் உலக்கையை ஓங்கியிருப்போம்!)

1922 மே 19-ஆம் தேதி அழகம்மாளின் கடைசி நாள். அன்று முழுவதும் மகன் பக்கத்தில் அமர்ந்து, ஒரு கையைத் தாயாரின் மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். அந்த வருஷ முடிவில் மகனும் மலையிலிருந்து இறங்கிச் சமாதி அருகிலேயே தங்கிவிட்டார். அதுதான் ரமணாசிரமம். சமாதியின்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949 மார்ச் 17-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. அடுத்த வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி மகரிஷி சித்தியடைந்தார்.

கிறிஸ்தவர்கள் வந்தால் மகரிஷி பைபிளிலிருந்தே எடுத்துச் சொல்வதுண்டு. மோசேயிடம் கடவுள் தம் பெயரைத் தெரிவித்த வாக்கும், அமர்ந்திருந்து கடவுளை அறியச் சொல்லும் 46-ஆம் சங்கீதமும் அவருக்குப் பிரியமானவை.

"அமர்ந்திருக்கத்தானே அக்கா முடியவில்லை!" என்றாள் சிநேகிதி, சிரிப்பும் அழுகையுமாக.

டோனாவூர் அம்மா

அப்போது எனக்கு இன்னொரு அம்மாவின் நினைவு வந்தது. ஆமி கார்மைக்கேல் 1867-ல் வட அயர்லாந்தில் பிறந்தவர்; மணம் செய்துகொள்ளாதவர். 1895-ல் இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையில் கிராமம் கிராமமாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். 1901 மார்ச்சில், ஆபத்தான இடத்திலிருந்து தப்பி ஓடிவந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பத்தாயிற்று, கைக்குழந்தைகளும் வந்து சேர்ந்தன. டோனாவூரில் அது பெரிய இல்லமாக வளர்ந்தது.

ஊர் ஊராகச் சுற்றிய கால்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுபோயின. பெரிய ஊழியத்தை விட்டுவிட்டுக் குழந்தைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறோமே என்ற கேள்வி அவருக்கும் வராமலில்லை. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போடும் என்று தமிழர்கள் சொல்வதைக் கேட்டு, அதைத் தம் புத்தகத்தில் குறித்து வைத்தார். தமக்காக ஆணி அறையப்பட்ட கால்களை நினைத்து, தம் கால்களையும் கட்டுப்பட விட்டுவிட்டார். சீஷர்களின் காலைக் கழுவத் துண்டைக் கட்டிக்கொண்ட ஆண்டவர், எது பெரிய வேலை, எது சின்ன வேலை என்று பார்க்கவில்லை என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

1931-ல் ஒரு விபத்தில் விழுந்த பிறகு சுமார் இருபது வருஷம் படுக்கையோடு கழித்து, 1951 ஜனவரி 18-ஆம் தேதி கண்ணை மூடினார். கல்லறையில் கல் வைக்கக் கூடாது என்பது அவர் விருப்பம். பிள்ளைகள் பறவைகள் குளிக்கும் தொட்டி ஒன்றை வைத்து, அதில் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்: அம்மா.

சின்ன ஜெபம் போதும்

சின்னக் குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு, எந்த மதத்தவராயிருந்தாலும், நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு மணி நேரம் கிடைக்கவில்லையே என்று ஏங்கி, கிடைக்கிற ஒரு நிமிஷத்தையும் விட்டுவிடாதீர்கள். அரிசி களையும்போது ஒரு வாக்கியம்; குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஒரு நன்றி; தொட்டிலை ஆட்டும்போது பாடும் பாட்டே ஒரு கீர்த்தனை. சாமுவேலைப் பால் மறந்ததும் ஆலயத்தில் விட்ட அன்னாள், வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள் என்று வேதத்தில் இருக்கிறது. அந்த ஊசியின் ஒவ்வொரு குத்தும் ஜெபம் இல்லாமல் வேறென்ன?

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அரை மணி நேரம் நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றால் மீசை உதிர்ந்துவிடாது. குழந்தை அழுதால் திரும்பிப் பார்த்து முறைக்கும் பெரியவர்கள், குழந்தைகளைக் கொண்டு வந்தவர்களை அதட்டிய சீஷர்கள்மேல் இயேசு கோபித்துக்கொண்டார் என்பதை ஒருமுறை மாற்கு சுவிசேஷத்தில் படித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று. பிரசவத்துக்குப் பிறகு சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அது இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால், சோறும் தூக்கமும் வெறுத்துப்போனால், குழந்தையைப் பார்த்தாலும் மனம் ஒட்டாவிட்டால், டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல, குணப்படுத்தக்கூடிய நோய். மருந்து சாப்பிடுவதும் கடவுளை நம்புவதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

பேசிப் பேசிப் பொழுது சாய்ந்துவிட்டது. உள்ளே தமிழ்ப் பாராயணம் தொடங்கியது. கைக்குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. மயிலைத் துரத்திக் களைத்த பையன் தாயின் மடியில் தலையும் காலின்மேல் கையுமாகச் சுருண்டு படுத்துவிட்டான்.

"புறப்படலாமா?" என்றேன்.

"கால் மரத்துப்போச்சு, அக்கா. எழுந்திருக்க முடியவில்லை" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும், மெதுவாகச் சிரித்தாள். "கட்டித்தான் போட்டுவிட்டான். கொஞ்ச நேரம் இப்படியே இருக்கிறேனே."

குழந்தை அசைந்துவிடப் போகிறதே என்று அவளும் அசையவில்லை. மலைமேல் இருள் இறங்கும்வரை அப்படியே அமர்ந்திருந்தாள்.