உங்களுக்குத் தெரியுமா? மனசுக்குள் ஓடும் இன்னொரு பேச்சு

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மனநல மருத்துவர் ஆரோன் பெக்கிடம் ஒரு பெண் தன் அந்தரங்கக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு தடையில்லாமல் வந்தது. ஆனால் அவருக்குள் ஒரே பதற்றம். விசாரித்தபோது தெரிந்தது: ‘டாக்டருக்கு என் பேச்சு சலிப்புத் தட்டுகிறதோ’ என்ற நினைப்பு உள்ளே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது!

இப்படி நொடியில் வந்து, உண்மைபோலவே தோன்றிவிடும் நினைப்புகளைப் பெக் ‘தானியங்கி எண்ணங்கள்’ என்றார். இன்று மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உலகெங்கும் தரப்படும் சி.பி.டி. எனும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு இந்தக் கருத்து ஒரு முக்கிய அடித்தளம்.

உதாரணத்துக்கு, தோழிக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறீர்கள். நீல டிக் விழுந்தும் பதில் இல்லை. ‘என்னை ஒதுக்குகிறாள்’ என்று மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது. சிகிச்சையாளர் அந்த வரியைத் தாளில் எழுதச் சொல்வார். ஆதாரம் என்ன? எதிராக என்ன இருக்கிறது? வேறு காரணம் இருக்குமா? அடுத்து, போன் போட்டுக் கேட்டுப் பார்க்கவும் சொல்வார். இந்தச் சோதனைதான் சிகிச்சையின் உயிர் என்பேன். ‘நல்லதையே நினை’ என்ற அறிவுரைக்கு இங்கே இடமில்லை. நினைத்தது சரியாகவே இருந்தால்? தோழியிடம் அதை எப்படிப் பேசுவது என்று அடுத்த அமர்வில் ஒத்திகை நடக்கும்.