விசுவாசம், ஈமான், அமானிதம்

ஆசிரியர் அறையில் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் கேட்டார்: "சேர், நீங்களும் இயேசுவை நம்புறீங்கள்தானே? பிறகென்ன வித்தியாசம்?"

"நம்புறம், நபியாக" என்றேன். சொன்ன பிறகுதான் 'நம்புறம்' என்ற சொல் தடக்கியது.

தமிழ் வேதாகமத்தில் 'விசுவாசம்' என வரும் இடங்களில் கிரேக்க மூலத்தில் இருப்பது பெரும்பாலும் 'பிஸ்திஸ்'. ஒன்றை உண்மையென ஏற்பது அதன் ஒரு பக்கம்தான். வாக்குப் பிசகாமையும், நம்பித் தன்னை ஒப்படைப்பதும் அதற்குள் உண்டு. ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 3ஆம் அதிகாரத்தில் பவுல் கடவுளின் பிஸ்திஸ் பற்றிப் பேசுகிறார். கடவுள் யாரை நம்புவது? அங்கே அது வாக்கு மாறாமை. யோவான் சுவிசேஷத்திலோ இந்தப் பெயர்ச்சொல் ஓரிடத்திலும் இல்லை. 'நம்புதல்' என்ற வினை மட்டும் நூற்றுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. தமிழ் படித்தவனுக்கு இது சின்ன விஷயமல்ல. நம்பிக்கை அங்கே கையிலுள்ள பொருளல்ல, செய்யும் செயல்.

'விசுவாசம்' பொருத்தமான சொல்தான். நாயை விசுவாசமுள்ளது என்கிறோம். நாய்க்கு என்ன கொள்கை? 1850இல் வெளிவந்த பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு இதே யாழ்ப்பாணத்தில் துணைநின்ற ஆறுமுக நாவலர் கடைசிவரை சைவர். தான் ஏற்காத நூலுக்கு விசுவாசமாக உழைத்தார்.

நமக்கு இது புதிதல்ல. எபிரேய 'எமுனா'வும் அரபு 'ஈமா'னும் ஒரே வேர். அவர்களின் ஆமென், நம்முடைய ஆமீன், நாம் நாளாந்தம் சொல்லும் அமானிதம் எல்லாம் அந்த வேரில் வந்தவைதான். அல்லாஹ்வின் திருநாமங்களில் 'அல்முஃமின்' உண்டு. அபயமளிப்பவன் என்பது பொருள்.

1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மா தன் தையல் மெஷினை மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அம்மாவிடம் குடுத்தா. 2002இல் பாதை திறந்து வந்து பார்த்தோம். எண்ணெய் போட்டு, சேலையால் மூடி வைத்திருந்தா. பிஸ்திஸ் என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மெஷின்தான் ஞாபகம்.

இறைவன் ஒருவன் என்று பேய்களும் நம்பி நடுங்குகின்றன என யாக்கோபின் கடிதம் எச்சரிக்கிறது. ஈமான் கொண்டோம் என்ற நாட்டுப்புற அரபிகளிடம், அது இன்னும் உள்ளத்தில் நுழையவில்லை என்கிறது சூரா அல்ஹுஜுராத். இரண்டு வேதமும் வாய்ச்சொல்லை நிறுத்துப் பார்க்கின்றன. ஆனால் பவுல் தன்னை ஒப்படைப்பது சிலுவையில் மரித்து உயிர்த்த கிறிஸ்துவிடம். நாம் அதை ஏற்பதில்லை.

மறுநாள் நண்பரிடம் சொன்னேன்: "ஈசா நபியை நம்புறம். எங்களை ஒப்படைக்கிறது அல்லாஹ்விடம் மட்டும்."

"அப்ப வித்தியாசம் அதிலதான் சேர்" என்றார்.