குமரி மாவட்ட மழைத்தரவும் தருக்கச் சுட்டலும்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறும் நிலப்பகுதி நாஞ்சில் நாடு. அதன் மழைப்போக்கை ஆராய்வதற்கு இந்திய வானிலை ஆய்வுத்துறையின் கட்டத்தரவு பெரிதும் துணைசெய்கிறது. 1901 முதல் 0.25 பாகை இடைவெளியில் 129 × 135 புள்ளிகளுக்கு நாள்தோறும் மழையளவு தரும் இத்தொகுப்பில், 365 நாள் கொண்ட ஓராண்டுக்கு மட்டும் 63,56,475 மதிப்புகள் அமைகின்றன.

பைத்தான் மொழியில் இவற்றை மடக்கு வழி ஒவ்வொன்றாகச் சோதிப்பின் காலம் மிகும். தருக்கச் சுட்டலில் அணி முழுவதும் ஒரே நிபந்தனையோடு ஒப்பிடப்பெற்று, மெய், பொய் என்னும் மதிப்புகளாலான, அதே அளவுடைய முகமூடி அணி கிடைக்கிறது. மெய் நிற்கும் இடங்களின் மதிப்புகள் மட்டும் தெரிந்தெடுக்கப்படுகின்றன. நம்பை நூலகத்தில் இவ்வொப்பீடு முன்பே தொகுக்கப்பட்ட நிரலுக்குள் நிகழ்வதால் விரைவு கூடுகிறது. எண்ணிக்கை மட்டுமே வேண்டின், முகமூடியைக் கூட்டினால் போதும். மதிப்புகளைப் படியெடுக்க வேண்டியதில்லை.

எனினும், நிபந்தனையை வகுப்பதில் கவனம் வேண்டும். நிலத்துக்கு அப்பாற்பட்ட புள்ளிகள் −999 எனக் குறிக்கப்பட்டுள்ளன. 64.5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கனமழை நாள்களைத் தேடுகையில் இதனால் இடரில்லை. 2.5 மி.மீ.க்குக் குறைந்த, மழைநாள் எனக் கொள்ளப்படாத நாள்களைத் தேடினாலோ, குமரியை அடுத்த கடற்புள்ளிகளும் வறண்ட நிலமாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே, மதிப்பு சுழியத்துக்குக் குறையாதிருத்தல் என்னும் இரண்டாம் நிபந்தனையும் ஒருங்கே நிறைவேறுமாறு முகமூடியை அமைத்தல் இன்றியமையாதது.