லாரி கொட்டிய காடு

டொரண்டோவின் லெஸ்லி தெரு தெற்கே போய் ஒன்டாரியோ ஏரியில் முட்டுகிறது. அதோடு நிற்காமல் ஏரிக்குள் இன்னும் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிலம் நீள்கிறது. கரையில் குனிந்து பார்த்தால் அதன் பூர்வீகம் தெரிந்துவிடும். அலை அரைத்து முனை மழுங்கிய செங்கற்கள், குளியலறை டைல்ஸ் துண்டுகள், கான்கிரீட்டிலிருந்து துருத்தி நிற்கும் துருப்பிடித்த முறுக்குக் கம்பிகள். நகரத்தில் இடித்த கட்டடங்கள் பலவும் இங்கேதான் கிடக்கின்றன.

1959இல் செயின்ட் லாரன்ஸ் கப்பல் வழி திறந்தபோது, பெரிய கப்பல்கள் வந்து குவியும், புதுத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டு, லாரி லாரியாக இடிபாடுகளை ஏரியில் கொட்டத் தொடங்கினார்கள். ஆனால் சரக்குப் போக்குவரத்து கன்டெய்னருக்கு மாறியது. கப்பல்கள் கிழக்குத் துறைமுகங்களோடு நின்றுகொண்டன. லாரிகள் நிற்கவில்லை. கொட்டிய மண்ணில், பஞ்சோடு பறந்துவந்த காட்டன்வுட் மர விதைகள் முளைத்தன. யாரும் நடாத காடு அது.

இன்று இதற்குப் பெயர் டாமி தாம்சன் பூங்கா. 'தயவுசெய்து புல்மேல் நடங்கள்' என்று பலகை வைத்துப் பெயர்பெற்ற பூங்கா ஆணையர் அவர். அவர் பெயரிலுள்ள இடத்திலேயே, கூடு கட்டும் காலத்தில் சில பகுதிகளுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது வேடிக்கைதான். வார நாள்களில் பகலெல்லாம் லாரிகள். சனி, ஞாயிறு சைக்கிள்காரர்களும் ஓடுபவர்களும் பைனாகுலர்காரர்களும். சொந்தக் காருக்கும் நாய்க்கும் இடமில்லை. 300க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருப்பதில், அந்த நாய்த் தடைக்குப் பெரும் பங்கு உண்டு என்பேன். தரையில் முட்டையிடும் பறவைக்கு, அவிழ்த்துவிட்ட ஒரு நாய் போதும்.

சதுப்பு நிலங்களும் செயற்கைதான். டான் ஆற்று முகத்தில் தூர்வாரிய மாசு படிந்த சேற்றை ஏரிக்குள் அணைகட்டித் தேக்கினார்கள். ஒரு தேக்கம் நிரம்பியதும் மேலே சுத்தமான மண்ணைப் பரப்பி, ஆழமில்லாத நீர் நிறுத்தி, சம்புக்கோரை வளரவிட்டார்கள். சேற்றைக் கிளறிச் செடிகளைப் பிடுங்கும் கெண்டை மீன் இத்தகைய நிலங்களின் எதிரி.

அசல் சிக்கல் நீர்க்காகங்கள். டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, பேரேரிகளில் ஏறக்குறைய அற்றுப்போன இனம் இது. மருந்து தடையானதும் பெருகி, 1990 வாக்கில் இங்கே குடியேறியது. பிற்பாடு கூடுகள் 10,000ஐத் தாண்டின. கூட்டுக்காகக் குச்சிகளை ஒடிக்கின்றன, எச்சம் மண்ணின் தன்மையையே மாற்றுகிறது, மரம் பட்டுப்போகிறது. நம் வேடந்தாங்கலுக்கு வரும் அதே வக்காவும் இந்த மரங்களில்தான் கூடு வைக்கிறது. அதன் வீடும் சேர்ந்து போய்விடும்.

பூங்காவினர் கண்ட வழி சாமர்த்தியமானது. நீர்க்காகம் தரையிலும் கூடு கட்டும். ஆகவே காக்க வேண்டிய மரங்களில் பருவத் தொடக்கத்திலேயே விரட்டுகிறார்கள். தரையில் பொம்மைப் பறவைகளையும் வைக்கோலையும் வைத்து அங்கே இறங்க ஆசை காட்டுகிறார்கள். பாதிக்கும் மேற்பட்ட கூடுகள் தரைக்கு வந்துவிட்டன. ஒன்டாரியோ மாகாண அரசோ 2020இல் இதே பறவையை வேட்டையாட அனுமதி தந்தது: இலையுதிர் காலத்தில், ஆளுக்கு நாளொன்றுக்கு 15.