கத்தி எடுக்காமல் ஒரு டாக்டர் பட்டம்

1874-இல் பாரிஸில் மருத்துவம் படிக்கப் போனபோது அன்னா கிங்ஸ்ஃபோர்டுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இங்கிலாந்துப் பாதிரியார் ஒருவரின் மனைவி, ஒரு பெண் குழந்தையின் தாய், ஆஸ்துமா நோயாளி. சொந்த நாட்டு மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்கு இடம் கொடுக்க மறுத்த காலம் அது. எலிசபெத் காரெட் ஆண்டர்சன் 1870-இல் பாரிஸில் பட்டம் வாங்கி ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தார்.

அன்னாவுக்கு வைத்தியம் பார்ப்பது மட்டும் நோக்கமில்லை. விலங்குகளை உயிரோடு அறுக்கும் சோதனைகளை எதிர்க்க வேண்டும். அதையும் 'உனக்கென்ன தெரியும்' என்று யாரும் வாயடைக்க முடியாதபடி, அந்த அறிவியலையே கற்று எதிர்க்க வேண்டும் என்று போனார்.

போய்ச் சேர்ந்த இடமோ அந்தச் சோதனைகளின் கோட்டை. கல்லீரல் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் விதத்தைக் கண்டறிந்த மேதை க்ளோட் பெர்னார் அங்கேதான் இருந்தார். அவர் ஆராய்ந்த க்யூராரே என்னும் நஞ்சு தசைகளை முடக்கும். வலியை மரக்கச் செய்யாது. அது செலுத்தப்பட்ட நாய் துடிக்காது, குரைக்காது. ஆனால் கத்தி படுவது அதற்குத் தெரியும். இந்தச் சோதனைகளைப் பொறுக்காத பெர்னாரின் மனைவியே அவரை விட்டுப் பிரிந்துபோனார்.

இந்தச் சூழலில் ஒரு விலங்கின் மீதும் சோதனை செய்யாமல் படித்து, 1880-இல் அன்னா பட்டம் வாங்கினார். ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், மனிதருக்கேற்ற தாவர உணவு.

1878-இல் பெர்னார் இறந்தபோது, தன் மனோசக்திதான் அவரைக் கொன்றது என்று அன்னா நம்பினார். இதை மறைத்துவிட்டு அன்னாவைப் போற்ற எனக்கு மனமில்லை. நாயின் வலிக்கு உருகிய நெஞ்சு ஒரு மனிதரின் சாவை விரும்பியது வேதனையானது. அவரிடம் நான் மதிப்பது அந்த வெறுப்பை அல்ல, பரீட்சை எழுதித் தேறிய பிடிவாதத்தை.

அன்னாவைப் போல வேலை, குடும்பம் எல்லாம் அமைந்த பிறகு உயிரியல் படிக்க வருகிறவர்களுக்கு இன்று பாதை அவ்வளவு கடினமில்லை. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னது. இருந்தாலும் ஆய்வுக்கூடத்தில் காலெடுத்து வைத்ததும் 'விலங்குச் சோதனைக்கு ஒப்பாதவர் ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள்?' என்ற கேள்வி வரும். மருந்துச் சோதனையில் விலங்குகளுக்குப் பதில் மனித உயிரணுக்களையும் கணினி மாதிரிகளையும் பயன்படுத்த இந்திய அரசு 2023-இல் விதிகளைத் திருத்தி இடம் கொடுத்திருக்கிறது. அந்த முறைகளை உருவாக்கி, நம்பத்தக்கவை என்று நிரூபிக்க உயிரியல் கற்றவர்கள் வேண்டும். விலங்குச் சோதனைக்கு ஒப்பாதவர்கள்தான் முதலில் வர வேண்டும்.