பாளையக்காரர் வம்சாவளியை எப்படிப் படிப்பது?

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அணையை ஒட்டிய அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. ராணுவ அதிகாரியாக விரும்பும் பிள்ளைகள் நுழைவுத்தேர்வு எழுதி அங்கே சேருகிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே மலையடிவாரத்தில் படை நடத்தும் உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. தளி, மெட்ராத்தி, கிழக்கே பழனி தாண்டி விருப்பாட்சி என்று பாளையங்கள் வரிசையாக இருந்த சீமை இது. ஜப்பானுக்குச் சாமுராய் குலங்கள் எப்படியோ, நமக்குப் பாளையக்காரர்கள் அப்படி.

பாளையம் என்பது என்ன?

மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கர் (1529–1564) காலத்தில், தளவாய் அரியநாத முதலியார் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார் என்பது மரபு. மதுரைக் கோட்டையின் கொத்தளங்களும் 72; ஒரு பாளையக்காரருக்கு ஒரு கொத்தளம் காவல். பாளையக்காரர் வரி வசூலிப்பார், திருட்டைத் தடுப்பார், வழக்குத் தீர்ப்பார், அழைப்பு வந்தால் ஆட்களோடு போருக்குப் போவார். வசூலில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு தனக்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

பதவி பரம்பரையானதும் பட்டப்பெயரும் பரம்பரையானது. எட்டயபுரத்தில் ஆண்டவர்கள் எல்லாரும் எட்டப்பர், பாஞ்சாலங்குறிச்சியில் எல்லாரும் கட்டபொம்மு, தளியில் எத்தலப்பர். ஒரு எத்தலப்பர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதிவிடும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

வம்சாவளியை யார் எழுதினார்கள்?

இன்று நம் கையில் இருக்கும் பாளைய வம்சாவளிகளில் பெரும்பகுதி காலின் மெக்கன்சி திரட்டியவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரியான அவர் 1821இல் இறக்கும்வரை ஆட்களை ஊர் ஊராக அனுப்பிச் சுவடிகளையும் வாய்மொழிக் கதைகளையும் சேர்த்தார். காலத்தைக் கவனியுங்கள். கம்பெனி பாளையங்களைக் கைப்பற்றி, யாருக்கு என்ன பாத்தியதை என்று விசாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் ஒவ்வொரு குடும்பமும் தன் பழமையையும், எந்த ராஜா தனக்கு நிலம் கொடுத்தார் என்பதையும் அழுத்திச் சொன்னது. பல வம்சாவளிகள் குலக்கதையாக இருக்கும்போதே உரிமை மனுவாகவும் இருக்கின்றன.

தொடக்கக் கதை பெரும்பாலும் வடக்கே பிறக்கும். பாளையக்காரர் பலர் பிறந்த கம்பளத்தார் சமூகத்தின் மரபுக் கதை இப்படிப் போகும்: தங்கள் பெண்ணைக் கேட்டு நெருக்கிய அரசனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வருகிறார்கள், வழியில் ஆறு புரண்டு ஓடுகிறது, இரு கரையிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாகின்றன, கடந்து தெற்கே வந்து சேர்கிறார்கள். மரம் வளைந்ததா என்று ஆராய வேண்டாம். தெலுங்கு, கன்னட நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த நினைவு அதில் இருக்கிறது. உருமி கொட்டித் தேவராட்டம் ஆடும் வழக்கத்தையும், சலகெருதை ஆடவிடும் வழக்கத்தையும் உடுமலைப் பக்கம் இன்றும் காணலாம்.

ஜப்பானிலும் இதே சங்கதிதான். சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குலத்தின் முதல்வர் ததாஹிசாவுக்கு 1185இல் ஷிமாசு பண்ணையின் பொறுப்பு கிடைத்தது. குலப்பெயரும் அந்தப் பண்ணையின் பெயரே. அவர் ஷோகன் மினமோட்டோ யோரிடோமோவின் மகன் என்று குலவரலாறு சொல்கிறது. ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை.

வாள் போன பிறகு

1799இல் திப்பு வீழ்ந்ததும் கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனி வசமானது. பாளையக்காரர்கள் ஒன்றுகூடினார்கள். சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்கு முன்பு அடைக்கலம் கொடுத்த விருப்பாட்சி கோபால நாயக்கர் அவர்களுக்குத் தலைவர். 1800 ஜூன் 3 அன்று கோவைக் கோட்டையைத் தாக்கும் திட்டம் தோற்றது. 1801இல் கோபால நாயக்கர் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். தளி எத்தலப்பர் வெள்ளைக்காரத் தூதன் ஒருவனைத் தூக்கிலிட்டார் என்பது இந்தப் பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. திருமூர்த்தி மலைப் பக்கம் அரசு அவருக்கு நினைவரங்கம் கட்டியிருக்கிறது. 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் கிளைவின் அறிக்கை வந்தது: கோட்டை கூடாது, ஆயுதம் கூடாது.

பணிந்து போனவர்கள் ஜமீன்தார் ஆனார்கள். ஊத்துக்குளி, சமத்தூர், புரவிபாளையம் ஜமீன்கள் அப்படி நீடித்தவை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையையும் ஒழித்தது. ஜப்பானில் இவ்வளவும் ஆறே ஆண்டில் முடிந்தது: 1871இல் சிற்றரசுகள் ஒழிந்தன, 1876இல் வாள் அணியத் தடை வந்தது, 1877இல் சத்சுமாவில் சைகோ தகமோரி தலைமையில் எழுந்த கலகம் அடக்கப்பட்டது.

இனி உங்கள் கையில் ஒரு வம்சாவளி கிடைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டில் எழுதியது? யாரிடம் காட்ட எழுதியது? வரும் பெயர் ஆளின் பெயரா, பட்டமா? உங்கள் குடும்பத்தில் பழைய ஓலையோ செப்பேடோ இருந்தால் செப்பேட்டைப் புளி போட்டுத் துலக்காதீர்கள், எதையும் பழைய சாமான் கடையில் போடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள்.