அசையாப் படத்தின் வேண்டா அசைவு

அசையாத ஒளிப்படத்தின்மேல் பார்வையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வது பக்கநகர்வு. அதன் ஒரு பகுதியைச் சிறிது சிறிதாகப் பெருக்கிக் கண்ணருகே கொணர்வது அண்மிப்பு. இவ்விரண்டையும் கணினித் தொகுப்பில் நிகழ்த்துவது கீஃப்ரேம் என வழங்கும் குறிச்சட்டகம். இந்த நொடியில் படம் இவ்விடத்தில், இவ்வளவில் நிற்கவேண்டும் என்று தொகுப்பாளர் இடும் கட்டளையே அது. இரு குறிச்சட்டகங்களுக்கு நடுவே வரும் சட்டகம் ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தையும் அளவையும் மென்பொருள் தானே வகுத்துக்கொள்ளும் முறை இடைக்கணிப்பு எனப்படும். தங்கம் தேடிச் சென்றோர் வாழ்ந்த டாசன் நகரின் பழைய ஒளிப்படங்களைக் கொண்டு, கனடா நாட்டுத் திரைப்பட வாரியம் 1957-இல் ‘சிட்டி ஆஃப் கோல்டு’ என்னும் படத்தை உருவாக்கியபோதும், கென் பர்ன்ஸ் 1990-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரை ஆவணப்படமாக்கியபோதும் அண்மிப்பும் நகர்வும் படக்கருவியின் வேலையாய் இருந்தன. இன்றோ அவற்றை எண்கள் செய்கின்றன. ஆகவே விரும்பாத அசைவு தோன்றினால், அதன் வேரையும் எண்களிடையே தேடவேண்டும்.

அத்தகைய அசைவு பெரும்பாலும் வழியிலோ, விரைவிலோ, பெருக்கும்போது இடம் மாறாது நிற்கும் ஊன்றுபுள்ளியிலோ, பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளின் கட்டத்திலோ பிறக்கிறது. அசைவின் தோற்றமே அது பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், திருத்தத் தொடங்குமுன் உற்று நோக்குதல் நன்று.

வழியில் பிறக்கும் பிழை எல்லாவற்றினும் வியப்பூட்டுவது. ஓரிடத்திற்கு வந்த படம் அங்கே சிறிது நேரம் நின்று பின் திரும்பவேண்டும் எனக் கருதி, ஒரே மதிப்புடைய இரு குறிச்சட்டகங்களை அடுத்தடுத்து இடுகிறோம். படமோ நிற்காமல் முன்னே வழிந்து, வளைந்து மீள்கிறது. இதைப் பொறியின் கோளாறு என்று கருதுவோர் பலர். உண்மையில், புள்ளிகளை முறிவின்றி இழைவான வளைகோட்டால் இணைக்கும் நெறி தன் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறது. எட்வின் கேட்மல், ராஃபேல் ராம் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்ட வளைகோட்டு முறையை எடுத்துக்கொள்வோம். ஒத்த இடைவெளிகளில் 0, 100, 100, 0 என்னும் மதிப்புகளை அதனிடம் தந்தால், இரு நூறுகளின் நடுவில் அது 112.5 என்று விடை தரும். ஒவ்வொரு புள்ளியிலும் வளைகோட்டின் சாய்வை அதன் இருபுறத்து அண்டைப் புள்ளிகள் முடிவு செய்வதால், வந்த விரைவு நிற்கவேண்டிய இடத்திலும் தொடர்கிறது. ஃபிரிட்ச், கார்ல்சன் ஆகியோர் 1980-இல் வகுத்த முறை, தரப்பட்ட மதிப்புகளை மீறாதபடி அச்சாய்வுகளைக் கட்டுப்படுத்துகிறது. தொகுப்பாளர்க்கோ அவ்வளவு வேண்டியதில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் படத்தின் இடத்தை வகுக்கும் இடக்குறிகள் இயல்பாகவே வளைவழியை மேற்கொள்வதால், அவற்றை நேர்வழிக்கு மாற்றலாம். அல்லது ஒரே மதிப்புடைய இரு குறிகளுள் முதலாவதை, அடுத்த குறி வரும்வரை மதிப்பை மாறாது வைக்கும் நிறுத்தக் குறியாக்கலாம். இத்தகைய வழிதலைக் கண்டதும் மேலும் மேலும் குறிகளை இட்டு அடக்க முயல்வது, என் கருத்தில், வீண் உழைப்பு. ஒவ்வொரு புதுக்குறியும் தன்னோடு ஒரு புதுச் சாய்வைக் கொண்டுவரும்.

விரைவில் பிறக்கும் பிழை அண்மிப்பில் தெளிவாய்த் தெரியும். உருவளவை 100 விழுக்காட்டிலிருந்து 400 விழுக்காட்டிற்கு 6 நொடிகளில் நேர்கோட்டு முறையில் உயர்த்தினால், நொடிக்கு 50 விழுக்காடு கூடும். ஆயினும் முதல் நொடியில் படம் 1.5 மடங்காகிறது, இறுதி நொடியில் ஏறத்தாழ 1.14 மடங்கே ஆகிறது. கண் அளப்பது கூடுதலை அன்று, மடங்கை. ஆகவே அண்மிப்பு பாய்ந்து தொடங்கிச் சோர்ந்து முடிவதாகத் தோன்றும். நொடிதோறும் ஏறத்தாழ 1.26 மடங்காக வளரச் செய்தால் அது ஒரு சீராய் விளங்கும்.

இந்தச் சீர்மையைக் கொணர்ந்தவுடன் ஊன்றுபுள்ளிப் பிழை தலைகாட்டக்கூடும். படத்தின் நடுவை ஊன்றுபுள்ளியாகக் கொண்டு, நடுவிலிருந்து வலப்புறம் 300 படப்புள்ளி தள்ளியிருக்கும் ஒரு முகத்தைத் திரையில் இருந்த இடத்திலேயே நிறுத்திப் பெருக்க விரும்புகிறோம் எனக் கொள்க. நான்கு மடங்கு பெருக்கத்தின் முடிவில் படத்தை 900 படப்புள்ளி இடப்புறம் நகர்த்தவேண்டும். உருவளவு மடங்குமுறையிலும் இடம் நேர்கோட்டு முறையிலும் சென்றால், பாதிவழியில் பெருக்கம் இரண்டு மடங்கு, நகர்வு 450. முகம் இருக்கவேண்டிய இடத்திலிருந்து 150 படப்புள்ளி இடப்புறம் ஒதுங்கிப் பின் மீளும். தொடக்கமும் முடிவும் செம்மையாய் இருந்தும் நடுவழியில் முகம் அலைவது இதனாலேயே. ஊன்றுபுள்ளியை முகத்தின்மேல் வைத்துவிட்டால் இடக்குறிகளே வேண்டா. அவை இன்றியமையாதபோது, இடமும் உருவளவும் ஒரே விரைவு வளைகோட்டைப் பின்பற்றவேண்டும்.

படப்புள்ளிக் கட்டத்தில் பிறக்கும் நடுக்கம் வேறு வகை. 10 நொடிகளில் 60 படப்புள்ளி நகரும் மெல்லிய பக்கநகர்வு, நொடிக்கு 25 சட்டகம் என்னும் கணக்கில், சட்டகத்துக்கு 0.24 படப்புள்ளியே செல்கிறது. பின்னத்தை ஏற்காமல் முழு எண்ணாக்கும் கருவியில் படம் நான்கு சட்டகம் அசையாது நின்று, பின் ஒரு புள்ளி தாவும். எஃப்எஃப்எம்பெக் கருவியின் சூம்பேன் வடிகட்டியில் இந்நடுக்கம் பலர் அறிந்தது. படத்தை முன்கூட்டியே நான்கு மடங்கு பெரிதாக்கி அனுப்பினால், தாவல் கால் புள்ளியாகச் சுருங்கிக் கண்ணுக்குத் தப்பும். மெல்லிய கோடுகளும் நெசவுப் புடைவைகளும் மினுமினுப்பது இதனோடு மயங்கத்தக்கது. அதற்குச் சிறிதளவு மங்கலாக்கம் போதும்.

துண்டை வெட்டிச் சுருக்கியபின் குறிச்சட்டகம் வெட்டுக்கு வெளியே தங்கிவிடுவதும் உண்டு. அப்போது முதற்சட்டகத்திலேயே படம் நகர்ந்துகொண்டிருக்கும். எந்தச் சோதனைக்கும் முன் குறிகளின் பட்டியலைப் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இவை யாவும் செம்மையாயிருந்தும் படம் விட்டுவிட்டுத் துடித்தால், பிழை குறிகளில் இல்லை. நொடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தில் ஒரு பொருள் திரையின் அகலத்தைக் கடக்க ஏறத்தாழ 7 நொடி எடுக்கவேண்டும் என்பது ஒளிப்பதிவாளரிடையே நிலவும் அளவுகோல். அதனினும் விரைந்து செல்லவேண்டுமாயின் அசைவு மங்கலைச் சேர்க்கலாம். நகர்வை மெதுவாக்குவது அதனினும் எளிது.